கட்டைவிரலா மலை ஏறப்போகுது?

பன்னுவின் அப்பா எதையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் நம்புவார்.

அவர் பேக்கரி வைத்திருக்கிறார். சூடான ரொட்டி வெளியே வந்ததும் விரலால் ஓர் அமுக்கு. விழுந்த பள்ளம் மெல்ல மேலே எழுந்தால், "பதம் வந்தாச்சு!" என்று சத்தமாகச் சொல்வார். தலையணை, சோபா, பஸ் சீட் எல்லாவற்றுக்கும் அதே சோதனைதான். ஒருமுறை பல் டாக்டரின் நாற்காலியைக்கூட அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

பன்னு என்பதும் அப்பா வைத்த பெயர்தான். இன்னொரு பெயர் பள்ளிப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது.

பள்ளியில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை மலையேற அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் வர வேண்டும். உச்சிக்குப் போனதும் நிரப்ப ஒரு படிவம் உண்டு. 'உடன் வருபவர்' என்ற இடத்தில் மூன்று வருடமாகச் சித்தப்பாதான் கையெழுத்துப் போட்டார். சித்தப்பா நல்லவர்தான். ஆனால் ஏறும்போதும் போன், இறங்கும்போதும் போன்.

"இந்த வருஷம் நான் வரேன். மலைக்குப் போற ஞாயித்துக்கிழமை கடைக்கு லீவு விட்டுடறேன்!" என்றார் அப்பா.

"நிஜமாவாப்பா?"

"நிஜமா."

பன்னு இன்னும் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அப்பாவிடம் மலையேறும் ஷூ ஒன்று இருந்தது. ஆனால் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை, அதாவது இன்சோல், மெல்லிய அட்டை மாதிரி தேய்ந்துபோயிருந்தது. புதிய இன்சோல் வாங்க இரண்டு பேரும் ஷூ கடைக்குப் போனார்கள். கடைக்கார அக்கா ஏழெட்டு ஜோடிகளை எடுத்துப் பரப்பினார்.

"ஷூவுக்குள்ள போட்டு நாலடி நடந்து பாருங்க சார்."

"எதுக்கும்மா? என் விரல் பொய் சொல்லாது."

அப்பா ஒவ்வொன்றாக அமுக்கினார். "இது கல்லு. இது கட்டை. ஆஹா, இது! மெத்துமெத்துன்னு என்ன பதம்!"

வீட்டுக்கு வந்ததும் பழைய இன்சோலுக்கு மேலேயே புதியதையும் வைத்தார். "ஒண்ணுக்கு ரெண்டு மெத்தை! எப்படி?"

அன்று மாலையே இருவரும் ஏரி வரை நடந்து பார்த்தார்கள். போகும்போது அப்பா விசிலடித்தார். வரும்போது ஒவ்வொரு சுவராகப் பிடித்துக்கொண்டு வந்தார். விரல்கள் நெருக்கின. குதிகால் நழுவியது. உள்ளங்கால் எரிந்தது.

"ஏங்க, கால் வீங்கியிருக்கே!" என்றாள் அம்மா, வெந்நீர் கொண்டுவந்து வைத்தபடி.

அப்பா பன்னுவைப் பார்க்காமலேயே பேசினார். "நீ சித்தப்பாவோடயே போயிட்டு வாடா. என் காலு அடுப்புகிட்ட நிக்கத்தான் லாயக்கு."

"சரிப்பா" என்றாள் பன்னு. அழுகை அழுகையாக வந்தது. தண்ணீர் குடிக்கப் போவதுபோல உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அவள் பள்ளி விட்டு வந்தபோது, பேக்கரியின் பின்னறையில் ஒரு மாவு மூட்டை கிழிந்து தரையெல்லாம் வெள்ளையாக இருந்தது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்காதே. துடைப்பத்தை எடுத்துட்டு வா."

பன்னு துடைப்பத்தோடு வெறுங்காலில் வந்தவள், பெருக்காமல் நின்றுவிட்டாள். தரையில் இரண்டு பேரின் கால்தடங்களும் இருந்தன. அவளுடைய தடத்தில் நடுவில் ஒரு பக்கம் வளைவாக மாவு கலையாமல் இருந்தது. அப்பாவின் தடத்தில் அந்த வளைவே இல்லை. முழுப் பாதமும் அப்படியே பதிந்திருந்தது.

"அப்பா, உங்க காலுக்கு நடுவுல பள்ளமே இல்லையே!"

அப்பா குனிந்து பார்த்தார். "அட, ஆமா! என் காலு சரியா உப்பவே இல்லையோ?"

பன்னுவுக்குக் கடையில் பார்த்த ஒரு ஜோடி ஞாபகம் வந்தது. நடுவில் மேடாக இருந்த அதைத்தான் அப்பா 'கட்டை' என்று ஒதுக்கிவிட்டார். அவள் பள்ளிப் பையிலிருந்து கறுப்பு அட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இதுமேல ஒருதடவை மிதிங்க."

"எதுக்குடி?"

"மிதிங்கப்பா!"

வெள்ளைத் தடம் அழகாக விழுந்தது. மாவு உதிர்வதற்குள் பென்சிலால் சுற்றி வரைந்தாள். பிறகு ஷூவையும் அப்பாவையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடைக்கார அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தட்டைப் பாதம். இப்படிப் பார்க்கணும்னு யாரு சொல்லிக் கொடுத்தா?"

"மாவு" என்றாள் பன்னு.

அக்கா சிரித்துக்கொண்டே அந்த மேடு வைத்த ஜோடியை எடுத்தார். ஷூவுக்குள் கையை விட்டவர், "ஐயோ சார், பழசை எடுக்கவே இல்லையா? அப்புறம் காலுக்கு இடம் ஏது?" என்றார்.

அப்பாவின் கட்டைவிரல் தானாகவே புது இன்சோலை நோக்கி நீண்டது. பன்னு அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டைவிரலா மலை ஏறப்போகுது? காலுதானே?"

அப்பா விரலை இழுத்துக்கொண்டார். உள்ளே இருந்த இரண்டையும் உருவிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டு, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை.

"சார், மேல எங்க குடோன்தான் இருக்கு" என்றார் அக்கா.

"இரும்மா. வலிக்கலைங்கிறதை நம்ப வேணாமா?"

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இருவரும் ஏரி வரை நடந்தார்கள். சுவரைப் பிடிக்கும் வேலை வரவில்லை. மெத்துமெத்து ஜோடியைப் பேக்கரியில் தான் உட்காரும் கல்லாவுக்கு அடியில் அம்மா போட்டு, அதன்மேல் காலை வைத்துக்கொண்டாள். "எனக்குன்னே வாங்கின மாதிரி இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மலையில் அப்பா பேசிக்கொண்டே ஏறினார். பாதி வழியில் டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து கணுக்காலைத் தடவினார். "நாளைக்குக் கடைக்கு வாங்க டீச்சர். மாவுல மிதிச்சுப் பார்த்துடலாம்!" என்றார் அப்பா. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. பன்னு சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது.

உச்சியில் நல்ல காற்று. டீச்சர் படிவங்களைக் கொடுத்தார். 'உடன் வருபவர்' என்ற இடத்தில் அப்பா நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 'அப்பா' என்றும் எழுதினார். அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினார்.

பிறகு கட்டைவிரலை நீட்டிப் பன்னுவின் கன்னத்தில் மெதுவாக ஓர் அமுக்கு அமுக்கினார்.

"பதம் வந்தாச்சு!"

மலையிலிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.