ஒரு கணப்பு வெந்நீர்

புதுப்பாலையில் எல்லோரும் மணலில்தான் குளித்தார்கள். நச்சு நீக்கிச் சலித்த செம்மணலை வீட்டுக்கு ஒரு வாளி வீதம் நகரசபை கொடுத்துவந்தது. அதை உடம்பெங்கும் அழுத்தித் தேய்த்து, துணியால் தட்டிவிட்டால் குளியல் முடிந்தது. பிறகு சாமி கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போவார்கள்.

செவ்வாய்க் கோளின் அந்தப் பாலைவன ஊரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. தரைக்கடியில் பனிக்கட்டி மலைமலையாகக் கிடந்தது. பஞ்சமெல்லாம் சூட்டுக்குத்தான். ஊர் நடுவே இருந்த அணுக்கிணறு ஒன்றை நம்பித்தான் அத்தனை பேரும் உயிரோடு இருந்தார்கள். அதிலிருந்து ஆளுக்கு இவ்வளவு சூடு என்று பிறக்கும்போதே ஒதுக்கிவிடுவார்கள். அந்தப் பங்குக்குக் கணப்பு என்று பெயர். ஒரு கணப்பில் அறை உறையாமல் இருக்கும், சோறு வேகும். வெந்நீருக்கு மிச்சமிருக்காது. ஆள் செத்துப்போனால் கணப்பு ஊருக்கே திரும்பிவிடும்.

நாகலிங்கம் பனிவெட்டுச் சுரங்கத்தில் மேற்பார்வை பார்ப்பவன். வீட்டில் மனைவி புனிதவதி, பள்ளிக்கூடம் போகும் மகள், அக்கா திலகவதி. அப்பாவும் அம்மாவும் ஒரு சுரங்கச் சரிவில் போனபிறகு அவனை வளர்த்தவள் அக்காதான். தம்பிக்கு ஒரு வேலை அமையட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை என்றாகிவிட்டது.

பாத்திரம் கழுவுவதும் துணி அலசுவதும் அவள் பாடு. உறைவதற்கு ஒரு மயிரிழை முன்னால் நிற்கும் தண்ணீரில் கையை விட்டு விட்டு விரலெல்லாம் வெடித்துப்போயிருந்தது. ஒருநாள் அவள் சோறு போடும்போது நாகலிங்கத்தின் தட்டோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது.

"கைய எங்க, காட்டு" என்றான்.

"ஒண்ணுமில்லடா. சாப்பிடு முதல்ல."

அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். சாப்பாடு இறங்கவில்லை. "புனிதா, நம்ம வீட்டுல ஒரு வெந்நீர்க்கலம் வச்சிருவோம். அக்கா கையப் பாரு."

புனிதவதி நெடுநாளாகக் காத்திருந்த பேச்சு அது. "நான் சொன்னா கேட்டீங்களா? எங்க அக்கா வீட்டுல வச்சு எத்தன நாளாச்சு! மதினிக்காகவாவது வைங்க."

வெப்ப வாரியம் ஒரு பொருத்தியை அனுப்பியது. ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்த எந்திரம் குளியலறைச் சுவரை அளந்தது, தட்டிப் பார்த்தது, துளைபோட இடம் குறித்தது.

"கலம் இலவசம், குழாய் இலவசம். பொருத்துகூலியும் கிடையாது" என்றது. புனிதவதியின் முகம் மலர்ந்தது. "ஓடுவதற்கு ஒரு கணப்பு செலவாகும். யாருடையதை எடுத்துக்கொள்ளட்டும்?"



பொருத்தி பொறுமையாக விளக்கியது. "நான்கு பேரும் ஆளுக்குக் கால் கணப்பு விட்டுக்கொடுக்கலாம். வீட்டுக்குள் கூடுதலாக ஒரு கம்பளி போர்த்திக்கொண்டால் போதும், உடம்புக்குக் கெடுதல் இல்லை. அல்லது, யாராவது ஒருவர் துயிலகம் போகலாம்."

துயிலகம் ஊருக்கு வெளியே ஒரு குகையில் இருந்தது. மருந்தேற்றி உறையவைத்த ஆட்களை அங்கே அடுக்கியிருந்தார்கள். உறைந்தவர்களுக்குப் பசிக்காது, வயது ஏறாது. புதுப்பாலையில் கேட்காமலே கிடைத்தது குளிர் ஒன்றுதான் என்பதால் துயிலகத்துக்குச் செலவே இல்லை. துயில்பவரின் கணப்பு முழுவதும் வீட்டுக்கு மிச்சம். அதைத் திருப்பிக் கொடுத்தால் ஆளை எழுப்பி அனுப்பிவிடுவார்கள்.

"கம்பளியா?" என்றாள் புனிதவதி. "பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அதோட, வீட்டுக்குள்ளயே போத்திக்கிட்டு உக்காந்திருந்தா பாக்கவங்க என்ன நினைப்பாங்க?"

எனக்குக் கம்பளி போதும் என்று சொல்ல நாகலிங்கம் வாயெடுத்தான். புனிதவதி பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. தான் பேசாமல் இருந்தால் வேறொருத்தர் பேசிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். யார் என்பதும் தெரியும். சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னுதை எடுத்துக்கோ" என்று பொருத்தியிடம் சொன்னாள் திலகவதி.

"அக்கா, உனக்காகத்தான வைக்கணும்னேன்!"

"அதனால என்னடா. யாராவது ஒருத்தர் சுகமாக் குளிங்க."

"ஒரே வருசம். பிள்ளை கொஞ்சம் வளரட்டும், நானே வந்து எழுப்புதேன்."

அவள் தலையாட்டினாள். துயிலகத்தில் மருந்தேற்றியவர் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உறைஞ்சவங்களுக்குக் காயம் ஆறாது. எழும்பும்போதும் இப்படியேதான் இருக்கும்" என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

கலம் வந்து சேர்ந்தது. வெள்ளை வெளேரென்ற உருளை, மேலே பளபளவென்று கண்ணாடித்தாள் உறை. மகள் ஆசையாக உறையை உரிக்கப் போனாள். புனிதவதி அவள் கையில் ஓர் அடி போட்டாள். "புதுசு, அழுக்காயிரும்!" சந்தனமும் குங்குமமும் உறையின் மேலேயே வைத்தாள். நாள் பார்த்துத் திறக்கலாம் என்றாள். நல்ல நாள் வந்தது. விருந்தாளி யாரும் இல்லாதபோது எதற்குத் திறந்து பழசாக்குவது என்றாள். பொங்கல் வந்தது, போனது. மூன்று பேரும் மணலிலேயே குளித்தார்கள். பாத்திரம் இப்போது புனிதவதியின் பாடு. அவள் விரல்களும் வெடிக்கத் தொடங்கின. அப்போதும் கலத்தின் குழாயை அவள் திருகவில்லை.

உள்ளே தண்ணீர் இரவும் பகலும் சூடாகவே இருந்தது. நாகலிங்கம் சிலசமயம் குளியலறைக்குள் போய்க் கலத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பான். சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அக்கா பக்கத்தில் படுத்துக்கொள்வாள். அந்த உடம்புச் சூடு நினைவுக்கு வரும். "கை ரேகை விழுது பாருங்க" என்று புனிதவதி வந்து துடைப்பாள்.

சொன்ன வருடம் முடிந்து, இன்னொன்றும் பாதி கடந்தது. ஒரு சாயங்காலம் மனசு கேட்காமல் வெப்ப வாரியத்துக்குப் போனான். "கழற்றிவிடலாம்" என்றது அங்கிருந்த பொருத்தி. "காலையில் வருகிறேன். உங்கள் அக்கா நாளைக்கே வீடு திரும்பிவிடலாம்." வழியெல்லாம், அக்கா கண் விழித்ததும் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் விருந்தாளிகள். அடுத்த தெரு மரகதமும் அவள் புருஷன் சபாபதியும் குளியலறை வாசலில் வாய் பிளந்து நின்றார்கள்.

"குளிக்கச் சுகமா இருக்குமே?" என்றாள் மரகதம்.

"இன்னும் திறக்கல" என்றாள் புனிதவதி. "மக கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரு வாரப்பதான்."

மரகதம் அதை இன்னும் பெரிய பெருமையாக எடுத்துக்கொண்டாள். சபாபதி நாகலிங்கத்தின் தோளைத் தட்டினான். "இந்த வட்டாரத்துலயே உங்க வீட்டுல மட்டும்தான் அண்ணாச்சி. எங்களால முடியுமா?"

வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சு நாகலிங்கத்துக்கு மறந்துபோனது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"செலவு கொஞ்சம் கூடத்தான்" என்றான். "அதுக்குப் பாத்தா முடியுமா? வீடுன்னா நாலு பேர் பாக்க ஒண்ணு வேணும்ல."

மறுநாள் காலையில் பொருத்தி வாசலில் வந்து நின்றது. "இது எதுக்கு வந்திருக்கு?" என்று உள்ளேயிருந்து புனிதவதி கேட்டாள்.

"உறை கிழியாம இருக்கான்னு பாக்கச் சொல்லியிருந்தேன்" என்றான் நாகலிங்கம்.

பொருத்தி உள்ளே போய்ப் பார்த்தது. "உறை புதிதாகவே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டது.

"அடுத்தாப்புல எங்க?" என்றான் நாகலிங்கம்.

"அடுத்த தெரு, மரகதம் அம்மாள் வீடு. கலம் பொருத்த வேண்டும். கணவரின் தம்பி துயிலகம் போகிறார். அவருக்குத் தீராத மூட்டுவலியாம். அவருக்காகத்தான் வைக்கிறார்கள்."

நாகலிங்கத்தின் முகம் சுருங்கிப்போனது. கதவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"எங்க வீட்டுக் கலத்தை விடப் பெரிசா?"