மாநில மலருக்கு வந்த கோபம்

வீட்டில் அவளை மிளகாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்கு ஏற்ற வேலை வந்தது.

மாநில மலர் விழா. அவர்கள் மாநிலத்தின் மலர் செங்காந்தள் அல்ல, ஒரு மஞ்சள் காட்டுப்பூ. நாடகத்தில் மிளகாய்தான் மாநில மலர்! மஞ்சள் காகிதத்தில் ஐந்து இதழ்கள், ஒவ்வொன்றும் முறம் அளவு. வாசலில் நேராக நுழைய முடியாமல் நண்டு போலப் பக்கவாட்டில் நடந்து மைதானத்துக்கு வந்தாள்.

வந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதில் ஓரம் தோட்டக்காரர் மண்வெட்டியால் செடிகளை வேரோடு பெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டிக் குட்டி மஞ்சள் பூக்கள். ஐந்தே இதழ்கள்.

"அண்ணா! நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"களை எடுக்கிறேன் பாப்பா. விருந்தாளி வர்றாங்கல்ல, இடம் சுத்தமா இருக்கணுமாம்."

"களையா? இதுதான் மாநில மலர்!"

தோட்டக்காரர் மேடையில் தொங்கிய படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "போம்மா! அது தட்டு மாதிரி இருக்கு. இது நகத்தளவு."

"படத்துல பெருசா போட்டா பூ வளர்ந்துடுமா?"

மிச்சச் செடிகளுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "நானும் மாநில மலர்தான். முதல்ல என்னைப் பிடுங்குங்க!"

சத்தம் கேட்டுத் தலைமை ஆசிரியை ஓடி வந்தார். "என்ன கூத்து இது? மேடைக்குப் போ. பேச்சை மறந்துடப் போறே."

"மறக்கல டீச்சர். இங்கேயே சொல்றேன்." மூக்கு விடைக்கப் பேச ஆரம்பித்தாள். "முன்பு ஒரு காலத்தில் பெரிய காட்டுத்தீ வந்தது. எல்லாம் சாம்பலானது. அந்தச் சாம்பலில் யாரும் நடாமலே முதலில் முளைத்தது இந்தப் பூ. அதைப் பார்த்துத்தான் ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அதனால் இது நம்பிக்கையின் அடையாளம்!"

அவளுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே டீச்சர்? தீயிலகூட சாகலை. நம்ம விழாவுலயா சாகணும்?"

தலைமை ஆசிரியை செடிகளின் அருகே வந்தார். குனிந்து ஒரு பூவைக் கிட்டத்தில் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப் போனது.

"வருஷா வருஷம் இதைப் பிடுங்கிப் போட்டுட்டுத்தான் இதுக்கு விழா எடுத்திருக்கோம்" என்றார் மெல்ல.

"அப்போ பிடுங்கினதுக்கு என்ன வழி?" மிளகாய் விடுவதாக இல்லை. "வேர் இன்னும் ஈரமாத்தான் இருக்கு."

தோட்டக்காரர் குழி தோண்டினார். தலைமை ஆசிரியை புது உடுப்போடு மண்ணில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக நட்டார். "இன்னும் ஆழமா வைங்க டீச்சர்" என்று மிளகாய் அதட்டினாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

"டீச்சர், விருந்தாளி வந்துட்டாங்க!" என்று பதறினார் தோட்டக்காரர்.

தலைமை ஆசிரியை நிமிரவே இல்லை. "கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க. இன்னும் ரெண்டு செடி பாக்கி இருக்கு."