கிடுகு இல்லாத குவியல்

மூன்றாவது உப்புக் குவியலின் மேல் கிடுகு இல்லை.

பதுர்தீன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கடற்களப்புப் பக்கம் மழை கறுத்துக் கட்டியிருந்தது; காற்றில் சேறும் ஈர உப்பும் மணத்தன; உப்பளத்தில் மற்றக் குவியல்களெல்லாம் பின்னிய தென்னோலைக் கிடுகு போர்த்திக் குந்தியிருக்க, அது மட்டும் பிற்பகல் வெளிச்சத்தில் வெள்ளை வெளேரென்று திறந்து கிடந்தது. பத்து வருடமாக அவர் விற்காத குவியல். ஒவ்வொரு மாரிக்கும் முந்தித் தன் கையாலேயே புதுக் கிடுகு போட்டு மூடுவார். கூலியாட்களைக் கிட்டவும் விடுவதில்லை.

"அந்தக் கிடுகக் கழட்டினது ஆரு?"

"நான் அந்தப் பக்கமே போகல்ல. இருங்க வாப்பா."

மகள் அஸ்ரியா ஜன்னலுக்கு முதுகு காட்டி மேசையில் இருந்தாள். அவள் முன்னால் தடயவியல் உளவியல் பயிற்சிக்கான படிவம், ஒப்பம் வைக்காமல் கிடந்தது. நாளைக்குக் கொடுத்தாக வேண்டும். அவர் எதிர்க் கதிரையில் இருந்தார்.

"கள்ளனோடயும் கொலகாரனோடயும் கதைக்கவா ஒன்னப் படிப்பிச்சேன்? பொண்ணு கேட்டு வாரவங்களுக்கு என்ன சொல்ற? மகள் மறியல் கம்பிக்குள்ள இருக்காளெண்டா?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள்.

"இந்த வேல எனக்குச் சரிவருமாண்டு பாக்க எங்கட மிஸ் ஒரு வழி சொன்னாங்க. பொய் சொல்ற ஒராளுக்கு முன்னால, கோவப்படாம, அழாம, எழும்பிப் போகாம இருந்து கேக்கணும். ஏலுமெண்டா ஒப்பம் வைக்கலாம்."

"அதுக்கு நானா கெடச்சேன்?"

"ஜுனைதா மாமி எங்க வாப்பா?"

ஓட்டில் முதல் துளி விழுந்தது.

"இதென்ன கேள்வி? ஒன்ட மாமி குவைத்துக்குப் போனவ. அங்கேயே ஆரையோ கலியாணம் முடிச்சிட்டா." யுத்தம் முடிந்த வருடம் தங்கையைப் பற்றி ஊருக்குச் சொன்ன அதே கதை. பள்ளிவாசலில் முன் வரிசையில் அவரை நிமிர்ந்து நிற்க வைத்த கதை.

அஸ்ரியா சின்னப் புத்தகமொன்றை மேசையில் வைத்தாள். மாமியின் பாஸ்போட்.

"ஒங்கட அலுமாரிக்குள்ள இருந்திச்சு. இது இல்லாம எப்பிடிப் போனாங்க?"

மழை பிடித்தது. ஜன்னலுக்கு அப்பால் குவியலின் உச்சி மெல்லச் சரிந்தது. ஓடிப்போய் மூடினால் மகளுக்கு விளங்கிவிடும். மூடாவிட்டால் ஊருக்கே விளங்கிவிடும். அன்றைக்கு உடப்பு ஊர் இந்து ஒருவனோடு போக நின்ற தங்கையின் கையிலிருந்த துணிப்பை ஞாபகத்துக்கு வந்தது. அவளது கழுத்தின் சூடும்.

"சொல்லுங்க வாப்பா. நான் எழும்ப மாட்டேன்."

உப்பு கரைந்தது. பால்போல் ஓடியது.

நடுவில் ஒன்று மட்டும் கரையவில்லை.

வெள்ளையாக. முழங்காலைக் கட்டிக்கொண்டு.

மழை அதன் தலையைக் கழுவியது. பின்னல் ஒன்று கறுப்பாகத் தெரிந்தது.

பதுர்தீனின் வாய் திறந்தது. அஸ்ரியா அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பேனையை எடுத்து ஒப்பம் வைத்தாள்.

"நான் எழும்பல்ல, பாத்தீங்களா?" என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், மழைக்குள், அது எழும்பியது.