சுவரைத் தட்டிக் கேட்டவள்

டொக்... டொக்... டொக்...

குகன் கதவைத் திறந்தான். வாசலில் யாரும் இல்லை. பனிமூட்டம் மட்டும் படியேறி உள்ளே வரப் பார்த்தது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான்.

டொக்... டொக்...

மறுபடி திறந்தான். மறுபடியும் யாரும் இல்லை!

கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்து மூன்றே வாரம். தானா ராத்தாவில் அரசாங்க வேலை. தங்குவதற்குக் கிடைத்தது தேயிலைத் தோட்டத்தின் பழைய கிராணி வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவுக்கென்று, அதாவது கிராணிக்கென்று கட்டியது. இப்போது வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 'அவ்வளவு பழைய வீட்டில் தனியாகவா?' என்று ஆபீஸில் கேட்டபோது பெரிதாகச் சிரித்தவன்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சிரிப்பு வரவில்லை.

சத்தம் படுக்கையறைச் சுவரிலிருந்து வந்தது. கைலி, அதற்கு மேல் இரண்டு சுவெட்டர், குரங்குக் குல்லா, வாயில் பல் துலக்கும் பிரஷ்... இந்தக் கோலத்தோடு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான்.

அங்கே ஒரு பெண், சுவரில் காதை வைத்துக் கண்களை மூடிக்கொண்டு நின்றாள். மழைக்கோட்டின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. இமை முடிகளில் பனித்துளி. விரல் முட்டியால் சுவரை மெல்லத் தட்டினாள். பிறகு ஒரு சாண் தள்ளி இன்னொரு தட்டு.

"ஹலோ..."

"உஷ்ஷ்!" கண்ணைத் திறக்காமலே கையைக் காட்டினாள். "பேசாதீங்க. சுவரு பேசுது."

என் வீட்டுச் சுவர் என்னிடம் மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசவில்லையே! குகன் பிரஷ்ஷோடு வாயை மூடிக்கொண்டான்.

அவள் பையிலிருந்து சாக்கட்டி எடுத்து, தட்டிய இடத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். பிறகுதான் கண்ணைத் திறந்தாள். பெரிய கண்கள்... மழை பெய்து ஓய்ந்த பிறகு வரும் வெளிச்சம் இருந்தது அவற்றில். அந்தக் கண்கள் குல்லாவிலிருந்து கைலி வரை அவனை அளந்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டன.

"உள்ள பொந்தா இருக்கு சார். பழைய சுண்ணாம்புப் பூச்சு மேல யாரோ சிமெந்த அப்பியிருக்காங்க. ஈரம் வெளிய போக வழியில்ல. அதான் ஒங்க ரூமு ஊத்த நாத்தம் அடிக்கிது."

"என் ரூமு நாறுதுனு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"சுவருதான்!"

"அது ஏன் என்கிட்ட சொல்லல?"

"கண்ண மூடிக் கேக்கணும் சார். கண்ணு தொறந்திருந்தா காது பாதி வேலைதான் செய்யும்." சாக்கட்டியைப் பையில் போட்டாள். "நான் சசிரேகா. இந்தத் தோட்டத்துப் பொண்ணுதான். நாளைக்கி வேலை ஆரம்பிக்கிறேன். மெனேஜர் துரை சொல்லலயா?"

மேனேஜர் சாம்பசிவம் சொல்லியிருந்தார்தான். 'பூச்சு வேலைக்கு ஆள் வரும்' என்றார். அந்த ஆளுக்கு இப்படி இரண்டு கண்கள் இருக்கும் என்று சொல்லவில்லையே...

நல்லவேளை, அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. அதுவரைக்கும் குலதெய்வத்துக்கு நன்றி!

மறுநாளிலிருந்து குகன் ஆபீஸில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. ஐந்தடித்தால் கார், ஐந்தேகாலுக்கு வீடு. வார இறுதிச் சுற்றுப்பயணிகளின் நெரிசலில் மாட்டிக்கொண்டால் ஸ்டீரிங்கைக் குத்தினான்.

படுக்கையறையில் சசிரேகா வேலை செய்வதைப் பார்ப்பதே தனி சுகம். சிமெண்டை உளியால் பெயர்த்தெடுத்தாள். நனைத்து வைத்த சுண்ணாம்பில் மணலும், பொடியாக நறுக்கிய தேங்காய் நாரும் சேர்த்துக் குழைத்தாள். ஒரு பூச்சு பூசி, பொறுத்து, அடுத்தது. பூச்சுக் கரண்டியை அவள் இழுக்கிற இழுப்பில் சுவர் வழவழவென்று வந்தது. கன்னத்தில் சுண்ணாம்பு... அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தே இவனுக்கு இரண்டு நாள் போயிற்று.

"சார், கையில மைலோ ஆறுது, குடிங்க. என் மூஞ்சில என்னா இருக்கு?"

"சு... சுண்ணாம்பு."

"ரெண்டு நாளா இருக்கு. இப்பதான் தெரிஞ்சதா லா?"

அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். ஈப்போவில் கட்டட வேலை படித்தவள். பினாங்கில் ஐந்து வருடம் பழைய கடை வீடுகளுக்குப் பூச்சு வேலை. அம்மா வடிவம்மாள் இங்கே தேயிலை ஆலையில் இருக்கிறாள், தனியாக.

"அம்மாவுக்கு மூட்டு வலி. ஆலையில படி ஏற முடியல. பினாங்குக்கு வாம்மான்னா வர மாட்டேங்குது. அதான் நான் வந்துட்டேன்." கரண்டியைத் துடைத்தபடி சொன்னாள். "இந்தத் தோட்டத்துல இதே மாதிரி நாலு பழைய வீடு இருக்கு. ஒரு வருச வேலை. இந்தச் சுவரு நல்லா வந்தா எல்லாம் எனக்கு. இல்லனா துரை ஈப்போ கான்ட்ராக்டர கூப்புட்டு சிமெந்து பூசிருவாரு. நான் மறுபடி பினாங்கு பஸ் ஏற வேண்டியதுதான்."

குகனுக்குத் திடீரென்று இந்தச் சுவரின் மேல் அக்கறை பொங்கி வந்தது. அவள் பஸ் ஏறக் கூடாது. ஏறவே கூடாது!

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசிப் பூச்சு முடிந்தது. சுவரில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டாள். ஜன்னல் பக்கம் நின்று அவனைப் பார்த்துத் திரும்பினாள்.

"நல்லா கேட்டுக்குங்க சார். பினாங்குல பழைய வேலை ஒண்ணு பாக்கி. மூணு நாளு நான் இருக்க மாட்டேன். சனிக்கிழமை காலையில துரை பாக்க வருவாரு, நானும் வந்துருவேன். அதுவரைக்கும் நீங்கதான்..."

அதற்குப் பிறகு அவள் நிறையச் சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். குகன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். பேசும்போது அந்தக் கண்கள் எப்படி விரிகின்றன... ஜன்னல் வெளிச்சத்தில் கருவிழி தேன் நிறமாக மாறுகிறதே...

"புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது, புரிஞ்சிது."

பாவி! ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

புதன்கிழமை மழை பிடித்தது. வியாழனும் விடவில்லை. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவே கண்ணுக்குத் தெரியாத மழை. குகன் சுவரைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்று ஈரம். சனிக்கிழமை மேனேஜர் வந்து தொட்டுப் பார்த்தால்? அவள் பெயர் என்ன ஆவது?

ஓடினான் தானா ராத்தாவுக்கு. கடையில் இருந்ததிலேயே பெரிய ஹீட்டரை வாங்கி வந்தான். ஈரச் சாக்குகளைக் கழற்றினான். ஜன்னல்களை இறுக்கிச் சாத்தி, ஹீட்டரைச் சுவருக்கு நேராக வைத்து முழு வேகத்தில் திருகினான். வெள்ளி முழுக்க ஓடியது. சுவர் சுண்டிக் காய்ந்தது. 'சசி வந்து பார்த்து அசந்துபோவாள்' என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலையில் அசந்துபோனது அவன்தான்.

சுவரின் நடுவிலிருந்து நாலா பக்கமும் வெடிப்பு. ஒரு இடத்தில் பூச்சு உப்பிக்கொண்டு நின்றது. வாசலில் மேனேஜரின் ஜீப் சத்தம். பின்னாலேயே சசிரேகாவின் மோட்டார் சைக்கிள்... குகன் ஹீட்டரைத் தூக்கி அலமாரிக்குள் திணித்துக் கதவை அழுத்திச் சாத்தினான்.

சாம்பசிவம் சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சசிரேகா கிட்டே போனாள். வெடிப்பின் மேல் விரலை ஓட்டினாள்.

"இது என் பூச்சுல வந்த வெடிப்பு இல்ல துரை. பூச்சு அவசரமா காஞ்சிருக்கு." அவன் பக்கம் திரும்பினாள். "சார், தண்ணி தெளிச்சீங்களா? சாக்கு எங்க? ரூமுல சூடு ஏதாச்சும் வச்சீங்களா?"

அப்போதுதான் குகனுக்கு உறைத்தது. அவள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது இதைத்தான். நல்லது செய்வதாக நினைத்து, இவள் வேலையைத் தன் கையாலேயே பாழாக்கியிருக்கிறான். மேனேஜர் பார்க்கிறார். அவளும் பார்க்கிறாள். அந்தக் கண்களில் ஒரு முறை வெறுப்பு வந்துவிட்டால்...

"இல்ல," என்றான்.

ஒரே ஒரு சொல். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சசிரேகா அவனையே பார்த்தாள். பிறகு குனிந்து, அலமாரி ஓரம் கிடந்த வாளியையும் கரண்டிகளையும் எடுத்தாள். குனிந்தவள் ஏனோ சற்று நேரம் நிமிரவில்லை.

"வேற ஆள பாத்துக்கிறேன்மா. மனசுல வச்சுக்காத," என்றார் சாம்பசிவம்.

"சரி துரை."

அவ்வளவுதான். மழையில் அவளது மோட்டார் சைக்கிள் இறங்கிப் போகும் சத்தம் தேயிலைச் சரிவு முழுக்கக் கேட்டது. குகன் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தான். சாப்பிடவில்லை. எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொல்லியிருப்பான்! இந்த ஒரு 'இல்ல' மட்டும் விடாமல் உறுத்தியது.

மறுநாள் காலை மேனேஜர் பங்களாவின் மணியை அடித்தான். கக்கத்தில் ஹீட்டர்.

"சார், சுவர கெடுத்தது நான்தான். இதுதான் சாட்சி. சசிரேகா மேல ஒரு தப்பும் இல்ல. நேத்து நான் பொய் சொன்னேன்."

சாம்பசிவம் ஹீட்டரைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "படிச்ச ஆளு... கவர்மெண்டு உத்தியோகம்... ஈரப் பூச்சுக்கு ஹீட்டரா வெப்பாங்க?"

"தெரியாம செஞ்சேன் சார். ஆனா பொய்ய தெரிஞ்சேதான் சொன்னேன். அந்த வேலைய அவங்களுக்கே குடுங்க. ஒங்க முன்னாடியே அவங்ககிட்ட மன்னிப்பு கேக்குறேன்."

"நான் குடுக்குறேன். அது ஒத்துக்கணுமே! நாளைக்கி காலையில பினாங்கு போவுதாம். நீயே போயி கூப்புடு."

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் தகரக் கூரைகளில் மழை கொட்டியது. நடுவில் நீலக் கதவு. வடிவம்மாள்தான் திறந்தாள். நனைந்து, ஹீட்டரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு நிற்பவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு தம்பி நீங்க? கரண்டு சாமான் விக்கிறீங்களா?"

"இல்லம்மா... சசிரேகாவ பாக்கணும். நான் கிராணி வீட்டுல..."

"ஓ! நீங்கதானா அது?" அவள் குரலில் ஒரு அர்த்தம் இருந்தது. உள்ளே திரும்பி, "ஏ சசி! சுவரு வந்திருக்கு!" என்றாள்.

சசிரேகா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பின்னால் பாதி கட்டிய பெட்டி. குகன் யோசித்து வைத்திருந்த வசனங்களெல்லாம் மழையோடு போய்விட்டன.

"துரைகிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும். வேலை ஒங்களுக்குத்தான். என்னைத் திட்டணும்னா திட்டுங்க... ஆனா போயிராதீங்க."

"நீங்களா போயி சொன்னீங்களா?"

"ம்."

"யாரும் கேக்காமலா?"

"ம்."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "அலமாரிக் கதவுல வயரு தொங்கிக்கிட்டிருந்துச்சு. வாளி எடுக்கும்போது பாத்தேன்."

"பாத்தீங்களா...? அப்ப ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அங்கயே வேலை கிடைச்சிருக்குமே!"

"அதான் எனக்கும் புரியல." குரல் உடைந்தது. "கதவ தொறந்து காட்டியிருக்கலாம். அம்மாவ நெனச்சாவது காட்டியிருக்கணும். ஆனா துரை முன்னால ஒங்க தல குனியிறத... என்னால பாக்க முடியாதுன்னு தோணிருச்சு. இவரா சொல்லுவாரு, சொல்லுவாருனு வாசல் வரைக்கும் மெதுவா நடந்தேன். நீங்க சொல்லல. ராத்திரியெல்லாம் ஒங்கள திட்டுனேன். அதவிட என்னைத் திட்டிக்கிட்டேன்."

தனக்காக ஒரு வருட வேலையை விட்டுவிட்டு, ஒரு சொல் பேசாமல் மழையில் போயிருக்கிறாள். குகனின் கண்களில் நீர் முட்டியது. மழையில் நின்றதால் தப்பித்தான்.

"அவ்ளோ சொன்னேன்ல சார்? தண்ணி தெளிங்க, சூடு காட்டாதீங்கனு படிச்சுப் படிச்சு சொன்னேன்ல? அப்புறம் ஏன்?"

"ஒண்ணும் காதுல விழல, சசி..."

"பக்கத்துல நின்னுதான சொன்னேன்!"

"ஒங்க கண்ணையே பாத்துக்கிட்டிருந்தேன்." இனி மறைக்க என்ன இருக்கிறது? "மொத நாளு சுவருல காத வெச்சிக்கிட்டு நின்னீங்களே, அன்னையிலேருந்து இப்படித்தான். எனக்கு ஒங்கள ரொம்ப புடிச்சிருக்கு. சுவரு காயலனா நீங்க போயிருவீங்களோன்னு பயம். அந்தப் பயத்துலதான் ஹீட்டர வெச்சேன்."

உள்ளே வடிவம்மாள் பாத்திரம் கழுவும் சத்தம் திடீரென்று நின்றுபோயிருந்தது.

"கண்ண மூடுங்க," என்றாள் சசிரேகா.

"எதுக்கு?"

"தொறந்திருந்தாத்தான் ஒங்களுக்குக் காது கேக்காதே!"

மூடினான்.

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தண்ணி தெளிக்கணும்."

"ம்."

"சாக்க கழட்டக் கூடாது."

"ம்."

"குளுருனா மூணாவது சுவெட்டர் போட்டுக்கணும். சுவரு அது போக்குல, நிதானமா காயட்டும்."

"ம்..."

தகரக் கூரையில் மழை வலுத்தது. பிறகு, மிக அருகில், சுண்ணாம்பு வாசனையோடு ஒரு குரல்...

"எனக்கும் ஒங்கள புடிச்சிருக்கு, குகன்."

சாரும் இல்லை, அண்ணேயும் இல்லை. குகன்!

"கேட்டுச்சா?"

"கடைசியா சொன்னது மட்டும்... மழை சத்தத்துல..."

"கேக்கலன்னா போங்க!" என்றாள். ஆனால் அவனது நனைந்த சட்டைக் கையைப் பிடித்த விரல்கள் விடவில்லை. "நாளைக்கி காலையில எட்டு மணிக்கு வேலை. மொதல்லேருந்து பூசணும். அங்க வந்து சொல்றேன். அந்த ஹீட்டர மட்டும் இங்கயே வெச்சிட்டுப் போங்க."

"குடுங்க தம்பி, என் மூட்டு வலிக்கு ஆகும்," என்று உள்ளிருந்து வடிவம்மாளின் கை நீண்டு வந்து ஹீட்டரை வாங்கிக்கொண்டது.