மேட்டு வழி

டீயின் மேல் ஏடு கட்டியிருக்கிறது என்றுதான் மலர் முதலில் நினைத்தாள். விரல் நுனியால் ஒதுக்கப் போனபோது அது ஒதுங்கவில்லை. மெல்லிய சத்தத்தோடு உடைந்தது. விரலில் ஒட்டியதைப் பார்த்தாள். ஐஸ்.

ஜன்னலுக்கு வெளியே திருவொற்றியூரில் போகிப் பண்டிகை. விடிந்துவிட்டது என்பதே புகை வெளுத்ததை வைத்துத்தான் தெரிந்தது. கடலிலிருந்து ஏறிய மூடுபனியும் தெருவுக்குத் தெரு எரிந்த பாயும் டயரும் கலந்து எதிர்வீட்டு மாடியை விழுங்கியிருந்தன. கரி வாடைக்கு அடியில் எண்ணெய் வாடை, அதற்கும் அடியில் எப்போதும் இருக்கும் கருவாட்டு வாடை. எதிரே எதுவும் தெரியாமல் நின்றுவிட்ட கண்டெய்னர் லாரிகள் பெரிய சாலையில் ஹாரன் அடித்தன. பிள்ளைகள் போகி மேளத்தைத் தட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் ஓடினார்கள். புழுக்கத்தில் அவள் கழுத்து நசநசத்தது. இதில் ஐஸ் எங்கிருந்து வந்தது?

தரையில் விரித்திருந்த மலை வரைபடத்தின் மேல்தான் டம்ளரை வைத்திருந்தாள். நகர்த்தி ஓரமாக வைத்தாள். காகிதத்தைத் தொடத் தோன்றவில்லை.

வரைபடத்தில் ஓர் இமயமலைச் சிகரத்துக்கு இரண்டு வழிகள். சிவப்புக் கோடு மேட்டு வழி. மலையின் முதுகு மேலேயே போகும், சுற்று அதிகம், ஆனால் கடைசி வரை வானம் தெரியும். நீலக் கோடு பள்ளத்து வழி. ஓடையை ஒட்டிக்கொண்டு நேரே ஏறும். போன வருஷம் அவள் கணவன் ரஞ்சித் நண்பர்களோடு ஏறியது நீலக் கோட்டில். பாதி வழியில் மூடுபனி இறங்கியிருக்கிறது. பள்ளத்தில் சத்தம் எதிரொலித்துத் திரும்பி வரும், எந்தக் குரலையும் நம்பிப் பாதையை விட்டுப் போகாதீர்கள் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தான். மற்றவர்கள் கேட்டுக்கொண்டார்கள். ரஞ்சித் நின்றான். காது கொடுத்தான். "யாரோ கூப்புட்றாங்க" என்றான். பதில் குரல் கொடுத்துக்கொண்டே பனிக்குள் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை.

அவன் மீனவக் குப்பத்துப் பிள்ளை. மூடுபனியில் கடலிலிருந்து ஒரு குரல் வந்தால் கரையில் இருப்பவர் பதில் கொடுத்தே ஆக வேண்டும். கையில் கிடைக்கிற தட்டையோ தகரத்தையோ அடிக்க வேண்டும். கூப்பிட்டவன் மணலில் கால் வைக்கிற வரைக்கும் அடிக்கிற கை நிற்கக் கூடாது. நின்றால் படகுக்குத் திசை தப்பிவிடும். அம்மா என்று சொல்லக் கற்ற வயதில் அவன் இதையும் கற்றிருந்தான். மலரும்தான்.

படியில் இருமல் சத்தம். ரஞ்சித்தின் அண்ணன் ரகுபதி பனியனும் லுங்கியுமாக உள்ளே வந்தார்.

"இன்னா மலரு, ஊரே டயர கொளுத்திகினு கீது. நம்ம வண்டி டயரு கீதா, அதையும் கொளுத்திட்டானுங்களான்னு பாத்துட்டு வரேன்."

"வா மாமா."

கதவில் தொங்கிய புது ஜாக்கெட்டை அவர் அமுக்கிப் பார்த்தார். "இது இன்னாது, ஆளு சைஸுக்கு தலகாணி?"

"உனக்குத்தான் வாங்கினேன். அங்க குளுரு தாங்காது மாமா."

"இத்த மாட்டிகினு நின்னன்னு வையி, ஐஸ் பெட்டில கெடக்குற வஞ்சிரம் கூட சிரிக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. டீயைப் பற்றிச் சொல்லவில்லை.

"நாம எந்த வழில ஏறப் போறோம்னு காலையிலயே சொல்லணுமாம். வழிகாட்டி போன் பண்ணாரு."

ரகுபதி வரைபடத்தின் முன் குந்தினார். "இதுல யோசிக்க இன்னா கீது? என் தம்பி நீலத்துல கீறான்."

"அங்க இப்போ பனி சரிஞ்சிகினு கெடக்குதாம். போன மாசம் போனவங்களையே காணோமாம். மேட்டு வழின்னாதான் கூட வருவேன்றாரு."

"மேட்டுலேர்ந்து பாத்தா அவன் தெரிவானா?"

"தெரிய மாட்டாரு. மேலருந்து ஒரு மாலைய போட்டுட்டு வந்துடலாம்." அவள் அவர் எதிரே உட்கார்ந்தாள். "நீயும் போய்ட்டன்னா எனக்கு யாரு மாமா கீறாங்க?"

அவர் நீலக் கோட்டை நோக்கிக் குனிந்தார். "கூப்ட்டு கூப்ட்டு பாத்துட்டு, ஒருத்தனும் கொரல் குடுக்கலியேன்னு கெடப்பான் மலரு."

"மாமா."

"சரி. மேட்டு வழியே சொல்லிடு."

மலர் சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தாள். காகிதம் ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது.

வெளியே ஒரு மேளம் நின்றது. பிறகு இன்னொன்று. லாரி ஹாரன்கள் தூரத்துக்குப் போய்த் தேய்ந்தன. நாய்கள்கூட அடங்கிவிட்டன. டயர் வாடையும் போய், இதுவரை அவள் முகர்ந்தறியாத ஒரு சுத்தமான வெறுமை மூக்கைச் சுட்டது.

"அண்ணோ...வ்!"

கீழே தெருவிலிருந்து. படகிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, பாதியில் இழுத்து, முடிவில் உயர்த்தி. அந்த வீட்டில் அப்படிக் கூப்பிட ஒருவன்தான் இருந்தான்.

அவள் கையை நீட்டுவதற்குள் ரகுபதியின் வாய் தானாகத் திறந்துவிட்டது. "ஓ...! இங்க கீறேன்டா!"

சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

"போவாத மாமா."

"கொரல் குடுத்துட்டேனே மலரு."

எழுந்து போனார். அவருடைய செருப்பு படியில் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒற்றை மாடி வீடு. ஒரு மூச்சில் இறங்கிவிடுகிற படி. செருப்புச் சத்தம் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. தெருவைத் தாண்டி, தெருவுக்கும் கீழே, இறங்கிக்கொண்டே போய் மெலிந்து நின்றது.

அவள் பால்கனிக்கு ஓடினாள். வெறும் வெண்மை. கம்பியைப் பிடித்தாள். உள்ளங்கைத் தோல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தாள்.

"மாமா!"

அவள் குரல் கீழே போனது. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. திருவொற்றியூரில் எந்தத் தெருவும் அப்படித் திருப்பித் தராது.

பிறகு, மிக ஆழத்திலிருந்து, மூச்சு வாங்க:

"தட்டு மலரு... ஒண்ணியும் தெர்ல... தட்டு..."

அடுப்படிக்கு ஓடினாள். எவர்சில்வர் தட்டு. கரண்டி. பால்கனிக்குத் திரும்பி வந்து அடித்தாள். ணங். ணங். ணங்.

புகை கொஞ்சம் விலகியது.

தெரு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சரிவு. அதில் வரிசையாக ஆட்கள். எல்லோரும் முன்னால் குனிந்து, ஒரு கால் வைத்து, நின்று, மூச்செடுத்து, அடுத்த கால் வைத்து. ஏறிக்கொண்டிருந்தார்கள். தட்டுச் சத்தத்தை நோக்கி. ஒருவர் முகமும் நிமிரவில்லை. வரிசைக்கு முடிவு தெரியவில்லை. பாதியில் ஒரு பனியன், ஒரு லுங்கி. ரகுபதியும் குனிந்து ஏறினார். எல்லோரையும் போலவே. எல்லோருக்கும் முன்னால், போன வருஷம் ரஞ்சித்துக்கு அவள் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்.

ணங். ணங்.

நிறுத்தினால் மாமாவுக்குத் திசை தப்பிவிடும். நிறுத்தாவிட்டால்.

அவள் பின்வாங்கி அறைக்குள் வந்தாள். தரை சாய்ந்திருந்தது. டீ டம்ளர் வரைபடத்தைக் கடந்து, தானாக வழுக்கி, வாசலைத் தாண்டி விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

காத்திருந்தாள். கை மட்டும் அடித்தது.

வாசற்படியின் விளிம்பில் நான்கு விரல்கள் வந்து பற்றின. நகங்கள் கறுத்திருந்தன. மேலெல்லாம் உறைபனி. பாறையில் பிடிமானம் தேடுகிறவனைப் போல அவை மெல்லத் தடவின, ஊன்றின. பக்கத்தில் இன்னொரு கை. மோதிர விரலில் அவள் போட்ட மோதிரம். பின்னால், கீழே, இன்னும் எத்தனையோ கைகள் சுரண்டுகிற சத்தம்.

அவன் இன்னும் கால் வைக்கவில்லை.

ணங். ணங். ணங்.