பெரியம்மாவுக்கு வைத்த கண்கள்

காலையில் நேரே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இப்போது குசினிப் பக்கம் பார்த்தன.

பிரவீணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் கணினித் திரையைப் பார்த்தான். சந்தேகமே இல்லை. படத்தில் கதிரையில் விறைப்பாக இருந்த அந்த மனுசியின் கருமணிகள் இரண்டும் ஓரத்துக்கு ஒதுங்கி, அவன் வேலை செய்யும் முன்னறையையும் தாண்டி, மனைவி சிவகௌரி தேங்காய் துருவிக்கொண்டிருந்த குசினி வாசலிலேயே குத்திட்டு நின்றன.

உடுப்பிட்டிப் பரமலிங்கத்தார் அனுப்பிய படம் அது. அவருடைய பெரியம்மாவாம். பழைய கறுப்பு வெள்ளை. கரையெல்லாம் பூச்சி அரித்து, கண் இரண்டும் மூடி, வலது கண்ணுக்குக் குறுக்கே ஒரு கீறல். நிறம் போட்டுத் தரச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் பிரவீணனுக்கு ஒரு கைப்பழக்கம். படமெடுக்கிற நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்ட முகத்தைக் கண்டால் சும்மா விடமாட்டான்; வேறொரு படத்திலிருந்து கண்ணை வெட்டியெடுத்து, அளவு பார்த்துப் பொருத்திவிடுவான். இதுவரை வாங்கிப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயெல்லாம் பல்லாகத்தான் போயிருக்கிறார்கள். இந்த மனுசியின் முகவெட்டுக்குக் கௌரியின் கண் அச்சொட்டாகப் பொருந்தியது. கலியாணப் படத்திலிருந்து எடுத்து வைத்தான். சேலைக்கு அரக்கு, பொட்டுக்குச் சிவப்பு, கண்ணுக்குக் கௌரியின் மண்ணிறம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. காலையிலேயே அனுப்பியும் ஆயிற்று.

வெளியே மாரி மழை ஓட்டில் விழுந்து, பீலியால் வழிந்து, வாளியை நிரப்பிக்கொண்டிருந்தது. குசினியில் வெங்காயம் வதங்கும் வாசனை. அதற்குள் எங்கிருந்தோ மெல்ல மெல்லப் புகுந்தது பன்னீரும் வாடின பூவும் கலந்த செத்தவீட்டு நாற்றம். துருவலைச் சத்தம் நின்றது.

"இஞ்சையப்பா, கரண்ட் நிண்டிட்டுதோ?" கௌரியின் குரல். "ஒண்டும் தெரியேல்லை."

தலைக்கு மேல் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. குசினியிலும் லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினான்.

எழும்பப் போன நேரம் போன் அடித்தது.

"உமக்கு ஆர் ஐசே கண் திறக்கச் சொன்னது?" பரமலிங்கத்தார் ஹலோகூடச் சொல்லவில்லை.

"மூடியிருந்தது ஐயா. வடிவா இருக்கட்டுமெண்டு..."

"வடிவோ! விசர்க் கதை கதையாதையும். அது செத்தபிறகு கதிரையிலை இருத்திக் கட்டி எடுத்த படம். அந்த மனுசியின்ரை கண்ணை மூடப் பட்ட பாடு எங்கடை அப்பருக்குத்தான் தெரியும். மூட மூடத் திறந்தது. உயிரோடை இருக்கேக்கையே அவ பார்த்த ஒண்டும் உருப்படேல்லை. உடனை அழியும்!"

போனை வைத்துவிட்டார்.

அழித்தால் போதும். ஒரு சொடுக்கு. அவன் கை மவுசுக்குப் போனது.

திரையில் கண்கள் அவன் பக்கம் திரும்பின.

இந்தப் பார்வையை அவனுக்குத் தெரியும். பயந்தால் கௌரி இப்படித்தான் பார்ப்பாள். கருமணிகள் இடமும் வலமும் அசைந்தன. வேண்டாம், வேண்டாம் என்றன. நீர் முட்டியது. வழிந்தது.

அப்படியென்றால் குசினியில் நிற்பது?

"கௌரி!"

காலடி மட்டும் கேட்டது. தடுமாறவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. நேரே வந்தாள், இரண்டு கண்ணையும் இறுக மூடியபடி. கையெல்லாம் தேங்காய்ப்பூ. அவனுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். விறைப்பாக இருந்தாள்.

"பரமு சொன்னவனெல்லே," என்றாள். "அழி தம்பி. கெதியா."

கௌரி அவனை ஒருநாளும் தம்பி என்று கூப்பிட்டதில்லை.

பிறகு இமைகளைத் திறந்தாள்.

சிவந்த பொட்டுக்குக் கீழே, கௌரியின் மாநிற முகத்தில், நிறமே இல்லாத இரண்டு சாம்பல் கண்கள். வலது கண்ணுக்குக் குறுக்கே ஒரு கீறல்.