முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள்

"நில்லுங்க! அந்த நாற்காலி உங்களுக்கில்ல..."

வீரர் அஞ்சலி விழா மைதானத்தில், தூறலில் கையை நீட்டித் தடுத்தான் அந்த இளம் சிப்பாய். தடுக்கப்பட்டவள் தையல் ஆலையில் வேலை செய்பவள். பின்னால் அவள் அப்பா. செங்கல் சுமந்து காய்ப்பேறிய தோள், தேய்த்து மடிப்பு வைத்த பழைய சட்டை.

"அப்ப யாருக்காம்?"

"பாலத்துல தனியா நின்னு எதிரியைத் தடுத்து உயிர் விட்டாரே, அவர் குடும்பத்துக்கு. அன்னிக்கு அவரால உயிரோட கரையேறினவங்கள்ல நானும் ஒருத்தன். அவங்க வர்ற வரைக்கும் ஈ எறும்பைக்கூட உட்கார விடமாட்டேன். பிழைக்க வந்த ஜனங்களுக்குப் பின்னால இடம் இருக்கு."

"ஈ எறும்பு வரல சார். அவனோட அப்பா வந்திருக்கார். நான் தங்கச்சி."

அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான். இமையில் மழைத்துளி... உள்ளே அழ மறுத்த கண்கள். அவன் காது மடல் வரை சிவந்து போனது.

"ஐயா... உட்காருங்க..."

"நின்னே பார்க்கறோம்" என்றார் அப்பா.

நின்றார். மகனின் பெயர் ஒலித்தபோது, அவரைப் பார்த்து முதலில் முன்வரிசை எழுந்தது. பிறகு மைதானம் முழுவதுமே எழுந்து நின்றது.

அதன்பின் விடுமுறை தோறும் அந்தச் சிப்பாய் அவர்கள் சந்துக்கு வந்தான்.

"என் பிள்ளையோட இடத்துல என்னையே தடுத்தவன். என் வாசப்படி மிதிக்கக் கூடாது." அப்பா கதவைச் சாத்தினார்.

ஒருநாள் அடைமழை. அவன் வாசலில் நனைந்தபடி நின்றான். அவள் ஜன்னலைத் திறந்தாள்.

"இங்க என்ன, எதிரி வர்றானா? இப்படிக் காவல் நிக்கறீங்க?"

"இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு உங்க அண்ணன்கிட்டதான் கத்துக்கிட்டேன்..."

கதவு படாரென்று திறந்தது.

"நன்றிக்காக என் பொண்ணைக் கேட்க வந்தியா? அப்படின்னா திரும்பிப் போ. என் மகன் உயிருக்கு யாரும் ஈடு தர வேண்டாம்."

"நன்றின்னா உங்களுக்கு ஒரு சல்யூட் அடிச்சிட்டுப் போயிருப்பேன் ஐயா. அன்னிக்கு இவங்க முறைச்சாங்க பாருங்க... அதுல போன தூக்கம் இன்னும் வரல. இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

அப்பா மகள் பக்கம் திரும்பினார். "உனக்கு?"

அவள் தாவணி நுனியைத் திருகினாள்...

"தூக்கம் போனது அவருக்கு மட்டும்னு யாருப்பா சொன்னது?"

பிறகு அப்பா வாசலை விட்டு விலகி நின்றார்.

"உள்ள வா. தலையைக் குனியாம வா. இந்த வீட்டுல யாருக்கும் அது பழக்கமில்ல."